அலமாரி வாங்கப் போகிறாயாமே!

மதுரை

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புது பிளாட்டில் பால் காய்ச்சியாயிற்று, ஹாலுக்குத் திரைச்சீலை வந்தாயிற்று, அப்பாவின் புத்தகங்கள் மட்டும் இன்னும் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன, அலமாரி பழசா புதுசா என்று நீயும் உன் வீட்டுக்காரரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய். அவருக்கு வெள்ளை லாமினேட் வேண்டுமாம், உனக்கு பர்மா தேக்கு வேண்டுமாம், தீர்ப்பு நான் சொல்ல வேண்டுமாம். நான் என்றைக்கடீ நடுநிலையாக இருந்திருக்கிறேன்? இருந்தாலும் சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் வம்பு.

நம் சுகந்தியின் சென்னை வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் ஒரு சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை புத்தக அலமாரி. உள்ளே எல்.இ.டி. விளக்கு வேறு. அசந்துபோய்ப் பக்கத்தில் போனால், புத்தகங்களை நிறம் பார்த்து அடுக்கியிருக்கிறார்கள். சிவப்பெல்லாம் ஒரு தட்டு, நீலமெல்லாம் ஒரு தட்டு. உ.வே.சா.வின் சுயசரிதை ஒரு சமையல் புத்தகத்துக்கும் ஜி.எஸ்.டி. கைடுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, மூன்றுக்கும் அட்டை பழுப்பு என்பதால். மேல்தட்டில் இன்னும் விசேஷம். முதுகை உள்ளே திருப்பி, தாள் விளிம்பு வெளியே தெரியும்படி வைத்திருக்கிறார்கள். "இன்டீரியர் பண்ண பொண்ணு செஞ்சதுடீ, ஒரே க்ரீம் கலரா, அமைதியா இருக்குல்ல?" என்கிறாள். அவள் மாமனார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நான் இருக்கும்போதே அவர் ஏதோ ஒரு புத்தகம் கேட்டார். "தாத்தா, அது பச்சையா, மஞ்சளா?" என்று பேரன் திருப்பிக் கேட்டான். மனிதர் பதில் பேசாமல் பேப்பரை விரித்துக்கொண்டார்.

முதுகைத் திருப்பி வைப்பது அந்தப் பெண் கண்டுபிடித்ததல்ல. இங்கிலாந்தில் ஹியர்ஃபோர்டு தேவாலய நூலகத்தில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கின்றன. அங்கே அதற்குக் காரணம் உண்டு. திருட்டுப் போகாமல் இருக்க ஒவ்வொரு புத்தகத்தையும் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்திருந்தார்கள். சங்கிலியை அட்டையின் முன்விளிம்பில் கோத்ததால் முதுகு உள்ளே போயிற்று. சுகந்தி வீட்டில் யாரடீ புத்தகம் திருடப் போகிறார்கள்?

அலமாரிப் பைத்தியம் என்றால் சாமுவேல் பெப்பீஸ்தான். லண்டனில் கடற்படை அலுவலகத்தில் பெரிய உத்தியோகம், ராத்திரியானால் ஊர் வம்பையெல்லாம் டைரியில் எழுதிவைப்பது. நமக்குச் சொந்தக்காரர் என்றே வைத்துக்கொள். புத்தகம் பெருகி நாற்காலிகள் மேலெல்லாம் ஏறி உட்கார்ந்துவிட்டது. 1666-ல் கப்பல் கட்டும் தளத்துத் தச்சர் சிம்ப்சனைக் கூப்பிட்டு, கண்ணாடிக் கதவு போட்ட ஓக் மர அலமாரிகள் செய்யச் சொன்னார். போகப்போக அது பன்னிரண்டு அலமாரி ஆயிற்று. கேம்பிரிட்ஜ் மாக்டலீன் கல்லூரியில் இன்னும் அப்படியே இருக்கின்றன. புத்தகங்களை உயரவாரியாக அடுக்குவார். அதிலும் ஒன்றிரண்டு குள்ளமாகத் தெரிந்தால் மனசு கேட்காது, அவற்றின் காலடியில் வைக்க மரக்கட்டை செய்து, தோல் போர்த்தி, புத்தகத்தின் பாதி போலவே தோன்றும்படி நிறுத்திவைத்தார். மொத்தம் 3,000 புத்தகம், அதற்கு மேல் கிடையாது என்று கணக்கு. புதுசு ஒன்று வந்தால் பழசு ஒன்று போக வேண்டியதுதான். உன் வீட்டுக்காரரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிவிடாதே, பிடித்துக்கொள்வார்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பழசா புதுசா என்பதை அப்புறம் பார்க்கலாம். என்ன புத்தகம் இருக்கிறது என்று முதலில் பார். உன் அப்பா கல்கியிலும் விகடனிலும் வந்த தொடர்கதைகளை வாராவாரம் பிரித்தெடுத்து, மணியம், கோபுலு படங்களோடு பைண்டு பண்ணி, முதுகில் பெயர் பொறித்து வைத்திருந்தாரே, அவை ஒரு ஜாதி. பத்திரிகைத் தாள், ஏற்கெனவே பழுத்துப்போயிருக்கும், ஓரத்தைத் தொட்டால் உதிரும். வெயிலும் தூசியும் ஆகாது. வருஷத்துக்கு நாலு தடவை எடுத்துப் பார்ப்பாய், பார்த்து அழுவாய், திரும்ப வைப்பாய். அவற்றுக்குக் கண்ணாடிக் கதவு வேண்டும். நீயும் அவரும் படிக்கிற நாவல்கள், உன் பையன் கவின் குட்டியின் படப் புத்தகங்கள் வேறு ஜாதி. அவை எடுத்துப் போட்டு, கிழித்து, வருஷா வருஷம் பெருகிக்கொண்டே போகும். அவற்றுக்குக் கதவே கூடாது. ஆகவே ஒன்று பழசு, ஒன்று புதுசு. உங்கள் சண்டை இத்தோடு தீர்ந்ததா?

பழசுக்குக் காரைக்குடிதான். அத்தை மகளோடு போய்விட்டு வந்தேன். முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாகக் கடைகள். எனாமல் பாத்திரம், சாமி படச் சட்டம், மரத்தூண், ஊஞ்சல் பலகை, கதவு, நிலை என்று வீடு வீடாகப் பிரித்து வந்து கொட்டியிருக்கிறார்கள். நகரத்தார் பர்மாவில் வட்டித்தொழில் செய்து சம்பாதித்துத் தேக்கைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து கட்டிய வீடுகள். 1942-ல் ரங்கூன் விழுந்ததும் அந்த வரும்படி போயிற்று. அப்புறம் பாகப்பிரிவினை, வெளியூர் வேலை, பராமரிக்க ஆளில்லை. ஒரு வீடு இடிந்தால் ஒரு தெரு நிறைய சாமான். அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்றே தெரியவில்லை. என் அத்தை மகளுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை, உள்ளே நுழைந்தவுடன் பீங்கான் ஜாடிக்குப் பேரம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

அங்கே ஓர் அலமாரி. ஆளுயரத்துக்கு மேல் ஒரு முழம், இரண்டு கண்ணாடிக் கதவு, கீழே இரண்டு இழுப்பறை. கண்ணாடிக்குள் பார்த்தால் எதிர்ச்சுவர் லேசாக நெளிந்து தெரிந்தது, ஓரிரு இடத்தில் ஊசிமுனைக் குமிழ். பழைய கண்ணாடிதான், மாற்றவில்லை. கதவைத் திறந்து உட்புறம் பார்த்தேன். பென்சிலில் யாரோ சலவைக் கணக்கு எழுதியிருக்கிறார்கள்: வேட்டி 12, துண்டு 8, தலையணை உறை 4. எனக்கு ஒரே சிரிப்பு. கடைக்கார பாய், "இது செட்டியார் வீட்டு புக் அலமாரிம்மா, லைப்ரரி வெச்சிருந்தாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கணக்கைக் காட்டினேன். "படிச்சுட்டு வேட்டி மாத்திருப்பாங்க" என்றார் சளைக்காமல்.

இதைக் கவனித்துக்கொள். பழைய சாமான் கடையில் 'புக் அலமாரி' என்று காட்டுவதில் பெரும்பாலும் துணி அலமாரி, பீங்கான் அலமாரி, டாக்டர் வீட்டு மருந்து அலமாரி, ஆபீஸ் ரிக்கார்டு அலமாரிதான். அதனால் ஆழம் ஒன்றரை அடி வரை இருக்கும். நம் புத்தகம் பெரும்பாலும் கிரவுன், இல்லாவிட்டால் டெமி. அதற்குப் பத்து அங்குல ஆழம் தாராளம். ஒன்றரை அடி ஆழத்தில் நீ கட்டாயம் இரண்டு வரிசை வைப்பாய், பின்வரிசையில் போனது அடுத்த வீடு மாறும்போதுதான் கையில் கிடைக்கும். ஆனால் உன் அப்பாவின் பைண்டு வால்யூம்கள் பத்திரிகை அளவு, அகலம் கூடுதல். அவற்றுக்கு இந்த ஆழம் பரவாயில்லை. டேப் எடுத்துக்கொண்டு போ. கடையில் இருக்கிற டேப்பை நம்பாதே, எல்லாம் முனை ஒடிந்தது.

பழசா என்று பார்க்கிற முறையை எனக்கு எங்கள் தெரு ஆசாரி சொல்லிக்கொடுத்தார். முகப்பைப் பார்க்காதே, அடியைப் பார். தட்டின் அடிப்பக்கம் பாலிஷ் பார்க்காமல், கையால் இழைத்த இழைப்புளித் தடம் மெல்லிய பள்ளமாகத் தடவினால் தெரிய வேண்டும். இழுப்பறையை முழுசாக வெளியே இழுத்து, பக்கப்பலகை சேருமிடம் எப்படிக் கோத்திருக்கிறது என்று பார். கையால் செதுக்கிய பல் ஒன்றுக்கொன்று துளி வித்தியாசப்படும், மெஷின் வெட்டு ஒரே அச்சாக இருக்கும். திருகாணித் தலையில் கூட்டல் குறி மாதிரிப் பள்ளம் இருந்தால் நூறு வருஷக் கதையை நம்பாதே. அந்தத் திருகாணி 1930-களில்தான் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. பிற்பாடு ரிப்பேரில் போட்டதாகவும் இருக்கலாம், ஆனால் எல்லாக் கீலிலும் அதுவே இருந்தால் அலமாரிக்கு உன் வயசுதான். முதுகுப் பலகை பிளைவுட் என்றால் அது மாற்றியது. அதனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், விலையைக் குறைத்துக் கேள்.

பர்மா தேக்கு, பர்மா தேக்கு என்று ஜபிக்கிறாயே, ஒன்று தெரிந்துகொள். மியான்மர் 2014 ஏப்ரலிலிருந்து உருட்டுமரமாகத் தேக்கை ஏற்றுமதி செய்வதையே நிறுத்திவிட்டது. ஆகவே புது அலமாரியைக் காட்டி எவனாவது 'பர்மா' என்று சொன்னால், எங்கே வாங்கினாய் என்று கேள். ஒன்று அது பழைய வீட்டுத் தூணையும் உத்தரத்தையும் அறுத்துச் செய்ததாக இருக்க வேண்டும், அப்படியானால் நல்லது, ஆணி இருந்த கறுப்புத் துளைகள் எங்கேயாவது தெரியும். இல்லையென்றால் பெரும்பாலும் தோட்டத் தேக்கு. தோட்டத் தேக்கிலும் தப்பில்லை, வைரம் பாய்ந்த பாகமாகப் பார்த்து எடுத்தால் போதும். ஓரத்தில் வெளுப்பாக ஒரு பட்டை ஓடினால் அது வெள்ளை, அங்கேதான் வண்டு விழும். பழசானாலும் புதுசானாலும் வாங்குவதற்கு முன் அலமாரியின் அடியில் ஒரு ராத்திரி செய்தித்தாளை விரித்து வைக்கச் சொல். காலையில் மாவு மாதிரி தூள் விழுந்திருந்தால் உள்ளே ஆள் குடியிருக்கிறது என்று அர்த்தம், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. பழைய துளை மட்டும் இருந்து தூள் விழவில்லை என்றால் பயமில்லை.

காரைக்குடி வரை போய்விட்டு ரோஜா முத்தையாவைச் சொல்லாமல் விட முடியுமா? பக்கத்துக் கோட்டையூர்க்காரர், விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். கையில் காசு வந்தால் பழைய புத்தகம், பழைய பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று வாங்கி வாங்கி வீடு நிறைய அடைத்தார். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அமெரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. இப்போது தரமணியில் இருக்கிறது. அங்கே போனால் அலமாரியின் அழகு ஒன்றும் கண்ணில் படாது, இரும்பு ராக்கும் அட்டைப்பெட்டியும் குளிர்சாதனமும்தான். ஆராய்ச்சிக்காரர்கள் தேடி வருவது ராக்கைப் பார்க்கவா?

பழசில் எனக்கு உண்மையிலேயே ஆசை உள்ளது ஒன்றுதான், குளோப்-வெர்னிக்கி. பழைய வக்கீல் வீடுகளில் பார்த்திருப்பாய். தட்டு தட்டாகப் பெட்டிகள், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கண்ணாடி. அடிவிளிம்பைத் தூக்கி உள்ளே தள்ளினால் புத்தகங்களுக்கு மேலே போய் ஒளிந்துகொள்ளும். வெர்னிக்கி என்ற அமெரிக்கர் 1892-ல் காப்புரிமை வாங்கியது. கேஸ் கட்டு பெருகப் பெருக வக்கீல் ஒரு பெட்டி கூட வாங்கி மேலே ஏற்றுவார், வீடு மாறினால் பெட்டி பெட்டியாகப் புத்தகத்தோடேயே தூக்கலாம். நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே இதை யோசித்தவனை நினைத்தால், இன்றைக்கு 'மாடுலர்' என்று சொல்லிக் காசு பிடுங்குகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பு வருகிறது. எங்கேயாவது அகப்பட்டால் கண்ணாடி இரண்டு பக்கமும் சமமாக உள்ளே ஓடுகிறதா என்று தள்ளிப் பார். கோணிக்கொண்டு சிக்கினால் சரிசெய்யத் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம். அந்தப் பெயர்த் தகடு இருந்தால் விலையும் அதற்குத் தக்கபடி இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

விலை என்றதும் சண்டிகர் ஞாபகம் வருகிறது. அங்கே சர்க்கார் ஆபீசுகளுக்கென்று பியர் ஜானரே, அந்த ஊரை வடிவமைத்த லெ கொர்புசியேயின் பங்காளி முறை, 1950-களில் தேக்கில் நாற்காலி, மேஜை, புத்தக ராக் எல்லாம் வடிவமைத்தார். ஆபீஸ்காரர்கள் உடைந்த சாமான் என்று மொட்டை மாடியில் போட்டு, அடிமாட்டு விலைக்கு ஏலம் விட்டார்கள். அள்ளிக்கொண்டு போனவர்கள் பாரிஸிலும் நியூயார்க்கிலும் லட்சக்கணக்கில் விற்றார்கள். 2011-ல்தான் மத்திய அரசு விழித்துக்கொண்டு விற்பதற்குத் தடை போட்டது. இப்போது ஊருக்கு ஊர் 'சண்டிகர் ஸ்டைல்' என்று புதுசாகச் செய்து விற்கிறார்கள். பிடித்தால் வாங்கு, பழசு என்று நினைத்து மட்டும் வாங்காதே.

இனி உன் வீட்டுக்காரர் கட்சி. வெள்ளை லாமினேட்டைக் கேவலமாகப் பேச மாட்டேன். உலகத்தில் புத்தகம் வைத்திருக்கிற பாதி வீட்டில் இகியாவின் பில்லி அலமாரியோ அதன் தங்கையோ நிற்கிறது. 1979-ல் கில்லிஸ் லுண்ட்கிரென் வரைந்தது. 80 சென்டிமீட்டர் அகலம், 28 ஆழம், 202 உயரம். ஆழம் பார், கச்சிதமாகப் புத்தகத்துக்கென்றே வைத்தது. ஆனால் ஒரு தட்டுக்கு 30 கிலோதான் தாங்கும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நம் டெமி அளவுப் புத்தகம் ஓர் அடி நீளத்துக்கு ஏழெட்டுக் கிலோ வரும், அதனால் நாவல்களுக்குக் கவலையில்லை. பெரிய படப் புத்தகம், அகராதி, பைண்டு வால்யூம் என்று ஏற்றினால்தான் வம்பு.

புது அலமாரி செய்யச் சொல்லும்போது எல்லாரும் மரத்தைப் பற்றியும் கலரைப் பற்றியும்தான் கேட்கிறார்கள், தட்டின் நீளத்தைக் கேட்பதே இல்லை. எங்கள் மாடி வீட்டுக்காரர் டி.வி.க்கு மேலே நாலரை அடிக்கு ஒரே தட்டாக, நடுவில் தாங்கலே இல்லாமல், "ஓப்பன் லுக்" என்று போட்டிருக்கிறார். இப்போது அது கயிற்றுக்கட்டில் மாதிரி தொங்குகிறது, அதன் மேல் என்சைக்ளோபீடியா. கணக்கு ரொம்பச் சுலபம். தட்டை இரண்டு மடங்கு நீளமாக்கி அதே மாதிரிப் புத்தகத்தை நிரப்பினால் தொய்வு இரண்டு மடங்காகாது, பதினாறு மடங்காகும். பலகையின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் தொய்வு எட்டில் ஒன்றாகும். அதனால் முக்கால் அங்குல பிளைவுட் என்றால் இரண்டரை அடிக்கு மேல் விடாதே, பார்ட்டிகிள் போர்டு என்றால் இரண்டு அடியோடு நிறுத்து. நீளம் வேண்டும் என்று அவர் அடம்பிடித்தால், தட்டின் முன்விளிம்பில் ஒன்றரை அங்குல உயரத்துக்குத் தேக்குப் பட்டையை நிற்கவைத்து ஒட்டச் சொல். எங்கள் ஆசாரி, "பலகை படுத்திருந்தா வளையும்மா, நிமிந்து நின்னா வளையாது" என்று சொல்லிக்கொண்டே ஸ்கேலைப் படுக்கப்போட்டு வளைத்தார், பிறகு நிமிர்த்தி வைத்து வளைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். அசையவில்லை.

பிளைவுட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 303 அல்லது 710 என்று அச்சடித்திருக்கும். 710 மெரைன், சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் வேண்டியது. புத்தகத்துக்கு 303-ல் பி.டபிள்யூ.ஆர். ரகமே போதும், மிச்சக் காசுக்குப் புத்தகம் வாங்கு. அறுத்த விளிம்பைப் பார், அடுக்குகளுக்கு நடுவில் பொந்து தெரிந்தால் வேண்டாம். தட்டுகளை நிரந்தரமாக ஆணி அடித்துவிடாமல், ஏற்றி இறக்குகிற மாதிரி துளையும் கட்டையுமாக வைக்கச் சொல். கீழ் இரண்டு தட்டு கவினுக்கு, அவன் உயரத்தில். முக்கியமாக, ஆளுயர அலமாரி எதுவானாலும் மேல்பக்கம் எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிணைத்துவிடு. நாலு வயசுப் பையன் தட்டை ஏணி என்றுதான் நினைப்பான். இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதே.

உன்னிடம் ரகசியமாக ஒன்று சொல்கிறேன். காசு கம்மியாக, கனம் நிறைய என்றால் துளை போட்ட இரும்பு ஆங்கிளை போல்ட் முறுக்கிச் செய்கிற ராக்குக்கு ஈடு எதுவும் கிடையாது. கிளை நூலகத்திலும் மருந்துக்கடைப் பின்கட்டிலும் நிற்குமே, அதுதான். கரையான் பல் படாது. நல்ல கரும்பச்சையில் பெயின்ட் அடித்து என் படிக்கிற அறையில் போட்டிருக்கிறேன். வந்த அத்தனை பேரும், "இது எந்த டிசைனர்?" என்று கேட்டாயிற்று. டவுன்ஹால் ரோடு பக்கத்து இரும்புக்கடைக்காரர் என்று சொல்ல வாய் வரவில்லை, சிரித்து வைத்தேன்.

பூச்சிக்கு என்ன செய்வது என்றும் கேட்டிருந்தாய். கண்ணாடி அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போடாதே, இரண்டு அங்குலம் தள்ளிப் போடு. மழைச்சாரல் அடிக்கிற சுவர் வேண்டவே வேண்டாம், ஈரம் இருந்தால்தான் இராமபாணப் பூச்சிக்குக் கொண்டாட்டம். வாரத்துக்கு ஒரு நாள் கதவைத் திறந்து காற்றாட வை. அந்துருண்டை வேண்டாம், சின்னப் பிள்ளை இருக்கிற வீடு. தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து சுவடிகளுக்கு நடுவில் வைப்பது வழக்கம். நானும் அதையே செய்கிறேன். கதவைத் திறந்தால் மணக்க மணக்க இருக்கும், என் மாமியார்தான் யாரோ பிரியாணி பண்ணுகிறார்கள் என்று சமையலறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

ஹால் சுவரின் நீளம், உயரம், சுவிட்ச் பெட்டி எங்கே இருக்கிறது, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, எல்லாம் எழுதி அனுப்பு. பைண்டு வால்யூம்களில் உயரமானதை அளந்து எழுது, அதோடு ஓர் அங்குலம் சேர்த்துக்கொள்ளலாம். அந்தச் சலவைக் கணக்கு அலமாரியை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று பாயிடம் சொல்லிவைத்திருக்கிறேன். உனக்காகத்தான். அவர் சொன்ன விலையை இங்கே எழுதினால் உன் வீட்டுக்காரர் கண்ணில் பட்டுவிடும், போனில் சொல்கிறேன்.

அன்புடன்,
கல்யாணி

பி.கு.: அந்த அலமாரிக்குப் பித்தளைப் பூட்டும் சாவியும் வேலை செய்கின்றன. என்னுடைய ப. சிங்காரம் நாவல் இரண்டும் உன்னிடம்தான் இருக்கின்றன, மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அப்பாவின் புத்தகங்களோடு சேர்த்துப் பூட்டிவிடுவதற்கு முன்னால் கூரியரில் போட்டுவிடு.